வயதுபோன ஆக்களுக்கு வழியில் உதவுவது எப்படி: வன்னிக்கு வேலைக்கு வந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: கிளிநொச்சிக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் தனியாக வந்துபோகும் வயதுபோன ஆக்களை நாளாந்தம் காண்கிறார். உதவ மனம் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஏறத் திணறிய ஓர் ஐயாவின் கையைப் பிடித்துத் தூக்கப் போக, அவர் கையைத் தட்டிவிட்டார். எப்படி உதவினால் அது உண்மையில் உதவியாக இருக்கும் என்று கேட்கிறார்.

அந்த ஐயா உங்களை வெறுக்கவில்லை. ஏறும்போது அவருடைய ஒரு கை பஸ்ஸின் கம்பியில் இருந்திருக்கும், மற்றக் கையில் தடியோ பையோ இருந்திருக்கும். அவருடைய சமநிலை முழுவதும் அந்த இரண்டு கைகளில் இருக்கும் நேரத்தில் ஒரு கையை நீங்கள் பறித்துவிட்டீர்கள். கையைத் தட்டிவிட்டது விழாமல் இருப்பதற்காக. ஆகவே முதலாவது விடயம்: நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது, அவர் உங்களைப் பிடிக்க வேண்டும். உங்கள் முழங்கையை மடித்து, முன்னங்கையை அவர் பக்கமாக நீட்டி, "ஐயா, பிடிக்கிறியளோ?" என்று கேளுங்கள். வேண்டுமென்றால் பிடிப்பார். வேண்டாமென்றால் "இல்லைத் தம்பி, ஏலும்" என்பார். அப்போது விலகி நில்லுங்கள், ஆனால் போய்விடாதீர்கள். இரண்டாவது படியில் அவரே கையைத் தேடுவதும் உண்டு.

அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்குவது, மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது ஆகிய இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள். வயதுபோனவர்களின் தோள்மூட்டு இலகுவில் விலகும், தசைநார் கிழியும். தோலும் மெல்லியது. இறுக்கிப் பிடித்த இடம் கண்டிப்போகும், சில வேளை உரிந்தும் வரும்.

அடுத்தது பேச்சு. வன்னியில் முன்பின் தெரியாத மூத்தவரை அம்மா, ஐயா என்று கூப்பிட்டால் யாருக்கும் குறையாகப் படாது. நன்றாக முதிர்ந்தவர்களை ஆச்சி, அப்பு, அம்மம்மா என்று கூப்பிடுவார்கள். அவர்கள் உங்களைத் தம்பி, பிள்ளை, மோனை என்று கூப்பிடத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் பேச்சைத் தொடக்குவதற்காக "பிள்ளையள் எங்கை இருக்கினம்?" என்று கேட்காதீர்கள். வேறு ஊர்களில் இது சாதாரண கேள்வி. இங்கே 2009 இல் பிள்ளையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன நடந்ததென்றே தெரியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வயதுபோன அம்மாக்கள். பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். "எங்கை இறங்க வேணும்? கூட்டிப்போக ஆரும் வருவினமோ?" என்று கேளுங்கள். உதவிக்குத் தேவையான தகவல் அதில் வந்துவிடும். மிச்சத்தை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள்.

காது கேட்காதவரிடம் கத்தாதீர்கள். வயதோடு முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். கத்தும்போது குரல் மேலே போவதால் இன்னும் விளங்காது. முகத்துக்கு நேரே நின்று, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். விளங்கவில்லையென்றால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்லிப் பாருங்கள். யுத்த காலத்தில் செல் சத்தத்தால் ஒரு பக்கக் காது பழுதுபட்டவர்களும் இந்தப் பகுதியில் இருப்பதால், பதில் வராவிட்டால் மற்றப் பக்கம் போய்ப் பேசிப் பாருங்கள்.

இனி பஸ். விழும் ஆபத்து இங்கே கூட, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நமது பஸ்களின் முதல் படியே வயதானவரின் முழங்காலுக்குக் கிட்ட வரும் உயரம். பஸ் தாரில் நின்று, ஆள் கரையிலுள்ள கிரவலில் நின்றால் அந்த உயரம் இன்னும் கூடும். ஆகவே பஸ் வருவதற்கு முன்னரே அவரைக் கரையில் மேடான இடத்துக்குக் கூட்டிவந்து, சாரதிக்குக் கை காட்டி அந்த இடத்தில் நிறுத்தச் செய்வது பெரிய உதவி. பஸ்ஸைக் கண்டதும் அவர் துள்ளி எழும்ப விடாதீர்கள். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் திடீரென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பஸ் தூரத்தில் தெரியும்போதே "அம்மா, பஸ் வருது, ஆறுதலா எழும்புங்கோ" என்று சொல்லி, எழும்பி ஒரு நிமிடமளவில் நின்ற பிறகு நடக்க விடுங்கள்.

ஏறும்போது பைகளை முதலில் வாங்கி உள்ளே வையுங்கள். ஆனால் காசுப்பையும் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி இருக்கும் பையும் அவரிடமே இருக்கட்டும். பல இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்து, திரும்ப எடுக்க வருடக்கணக்கில் அலைந்த ஆக்கள் இவர்கள். அந்தப் பையைக் கேட்டாலே பதறுவார்கள். நல்ல கால் முதலில் மேலே போக வேண்டும், நோக்காடு உள்ள கால் பின்னால் வரும். நீங்கள் அவருக்குப் பின்னால், கீழே நில்லுங்கள். தள்ளாதீர்கள். ஒரு கையை அவருடைய இடுப்புக்குப் பின்னால் தொடாமல் வைத்திருந்தால் போதும். இறங்கும்போது எல்லாம் மாறும். நோக்காடு உள்ள கால் முதலில் கீழே வரவேண்டும், நீங்கள் முன்னதாக இறங்கிக் கீழே நின்று கை கொடுக்க வேண்டும். இறங்கியதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை பின்பக்கம் பார்ப்பது. பஸ்ஸுக்கும் வீதிக் கரைக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள்ளால் மோட்டார் சைக்கிளை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏறியவர் இருக்க முன்னர் பஸ் வெளிக்கிடுவதுதான் விழுத்துகிறது. நடத்துனர் "றைற்" சொல்ல முன்னர் "அண்ணை, அம்மா இருக்கட்டும், பிறகு எடுங்கோ" என்று கேட்கும் குரல் ஒன்று வேண்டும். நடத்துனர்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். நெரிசலில் கவனிக்க ஏலாமல் போகிறது. ஒருவர் சொன்னால் நிறுத்துவார்கள். எழும்பி இடம் கொடுக்கும்போது எந்த இடத்தைக் கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பின் சில்லுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் உள்ள ஆசனங்கள் குழியில் விழும்போது ஆளைத் தூக்கிப் போடும். எலும்பு தேய்ந்த ஆச்சிமாருக்கு அந்த ஓர் அடியிலேயே முள்ளந்தண்டு எலும்பு நசுங்கலாம். உள்வீதிகளில் இது இன்னும் மோசம். நடுப்பகுதியிலோ முன்பகுதியிலோ உள்ள ஆசனம்தான் நல்லது. நீங்கள் பின்னால் இருந்தால், முன்னால் இருக்கும் இளம் ஆள் ஒருவரிடம் கேட்டு அந்த இடத்தை வாங்கிக் கொடுங்கள். மற்றவரிடம் கேட்பதற்கு வெட்கப்பட்டுத்தான் பலர் தங்களுடைய பின் ஆசனத்தைக் கொடுத்துவிட்டு மனநிறைவோடு நிற்கிறார்கள்.

இறங்கும் இடத்தை நடத்துனரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பஸ் முழுதாக நின்ற பிறகுதான் ஐயா எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தரிப்பு முன்னதாகவே எழும்பி, பிரேக்கில் முன்னுக்குப் போய் விழுவார். தரிப்பு தாண்டிவிடும் என்ற பயம்தான் அவர்களை எழும்ப வைக்கிறது. "நான் சொல்லிப்போட்டன், நிப்பாட்டுவினம்" என்ற ஒரு சொல் அந்தப் பயத்தைப் போக்கும்.

ஏ9 வீதியைக் கடப்பது தனிக் கதை. தார் அகலம் ஏறத்தாழ 7 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் செக்கனுக்கு 0.8 மீற்றர் அளவில்தான் நடப்பார். கடக்க 9, 10 செக்கன் எடுக்கும். மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம் அந்த 10 செக்கனில் ஏறத்தாழ 200 மீற்றர் வந்துவிடும். இளம் ஆளின் கண்ணுக்குத் "தூரத்தில்தானே வருது" என்று படும் வாகனம் வயதானவர் நடு வீதியில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் 200 மீற்றர் வெறுமையாக இருக்கும்வரை காத்திருங்கள். ஒரு வாகனம் மரியாதையாக நின்று வழிவிட்டாலும் உடனே இறங்காதீர்கள், அதை முந்திக்கொண்டு பின்னால் வருவது நிற்காது. நடுவில் வந்து அவசரப்படுத்தாதீர்கள், கையைப் பிடித்து ஓட வைக்காதீர்கள். மைமலுக்குப் பிறகென்றால் உங்கள் போனின் வெளிச்சத்தைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு நடவுங்கள்.

உள்வீதியில் வெயிலுக்குள் நடந்துபோகும் ஒருவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போவது வன்னியில் நாளாந்தம் நடக்கும் நல்ல பழக்கம். ஏ9 இலிருந்தோ, பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்தோ உள்ளே போகும் கிரவல் வீதிகளில் பஸ் அருமை. கிலோமீற்றர் கணக்கில் நடப்பார்கள். ஆனால் எல்லாரையும் ஏற்றலாம் என்றில்லை. நிற்கும்போதே தள்ளாடுகிறவர், தலைசுற்று என்று சொல்பவர், இரண்டு கையாலும் பிடிக்க ஏலாதவர், அண்மையில் இடுப்பிலோ முழங்காலிலோ சத்திரசிகிச்சை செய்தவர் ஆகியோரை ஏற்றாதீர்கள். அவர்களுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுங்கள். காசு கொடுப்பதென்றால் சாரதியின் கையில் கொடுத்து, ஏற்றும் முன்னரே பேசி முடியுங்கள். ஐயாவுக்கு முன்னால் பேரம் பேச வேண்டாம்.

ஏற்றுவதென்றால்: பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஒன்று மேலதிகமாக வைத்திருங்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும், ஆகவே இடப்பக்கத்தால் ஏற்றுங்கள். வெறும் காலில் அது பட்டால் சுடும், நீரிழிவு உள்ளவருக்கு அந்தக் காயம் மாதக்கணக்கில் ஆறாது. கால் மரத்தவருக்குச் சுட்டதுகூடத் தெரியாது. அவர் ஏறும்போது நீங்கள் ஆசனத்தில் இருந்தபடி இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றிப் பிடியுங்கள். பக்க ஸ்டாண்டை நம்பி ஏற்றக் கூடாது. சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகச் சொல்லுங்கள். தலைப்பு சில்லில் சிக்கினால் ஆளை இழுத்து விழுத்திவிடும். ஒரு பக்கமாகக் காலைப் போட்டு இருக்கும் அம்மாக்களின் கால் மிதியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளிக்கிடுங்கள். விரித்த குடையோடு ஏற விடாதீர்கள், சோழகக் காற்று நாட்களில் அது பாய் போலப் பிடிக்கும். மணிக்கு 25, 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். குழிக்கு முன்னால் "குழி ஒண்டு வருது, பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கத்துக் காட்டோர வீதிகளில் பின்னேரத்துக்குப் பிறகு யானை நடமாட்டம் இருக்கும். அந்த நேரத்தில் நடந்துபோகிறவரைக் கண்டால் ஏற்றிப்போவது அல்லது ஆள் இருக்கும் ஒரு வீட்டில் விட்டு உறவுக்குப் போன் எடுப்பது, இரண்டிலொன்றைச் செய்யுங்கள்.

கிளினிக் நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா ஆஸ்பத்திரிகளுக்குத் தூரத்திலிருந்து வருபவர்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வெளிக்கிடுவார்கள். இரத்தப் பரிசோதனைக்கென்று வெறும் வயிற்றோடு வருவார்கள். சாப்பிடாமல் இருக்கும்போது நீரிழிவுக் குளிசையையோ இன்சுலினையோ பழக்கத்தில் எடுத்துவிட்டு வந்தால் சீனி இறங்கிவிடும். வியர்த்து ஒழுகும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும், சிலர் எரிந்து விழுவார்கள். வெறிகாரன் என்று நினைத்து விலகிப் போகிறவர்களும் உண்டு. சில இதய மருந்துகள் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாது, ஆனால் வியர்வை இருக்கும். நினைவு இருந்து விழுங்க முடியுமென்றால் 3, 4 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டால் உடனே தருவார்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் அதே அளவு இன்னொரு தரம். தெளிந்த பிறகு இரண்டு மூன்று பிஸ்கட்டோ பாணோ கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு மங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஆஸ்பத்திரி வாசல் என்றால் தாதியைக் கூப்பிடுங்கள், வெளியே என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். தெளிந்தவரையும் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கிளிகிளசைட் போன்ற குளிசைகள் எடுத்தவர்களுக்கு சில மணித்தியாலங்களில் திரும்பவும் இறங்கலாம்.

மருந்துக் கவுண்டரில் வாங்கிய உறைகளை வாசித்துக் காட்டச் சொல்லிப் பலர் நீட்டுவார்கள். வாசித்துவிட்டு விடாமல், ஒவ்வோர் உறையிலும் பேனையால் படம் போட்டுக் கொடுங்கள்: காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, எத்தனை குளிசையோ அத்தனை கோடு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது உறையில் விளங்காவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள், கவுண்டரில் திரும்பக் கேட்டு எழுதுங்கள். குளிசைகளை ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். பழைய மருந்து கையில் இருந்தால், அதே மருந்து வேறு கம்பனிப் பெயரில் புதிதாகவும் வந்திருக்கிறதா என்று மருந்தாளரிடம் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்து மயங்கி விழுவது நடக்கிற விடயம். உங்கள் பையிலுள்ள குளிசையை நல்ல மனத்தோடும் கொடுக்க வேண்டாம்.

வெயில் மாதங்களில், மேயிலிருந்து செப்ரெம்பர் வரை, நிழலில்லாத தரிப்புகளில் நிற்பவர்களைப் பாருங்கள். வயது போகப் போகத் தாகம் தெரிவது குறையும். அதோடு, வழியில் மலசலகூடம் இல்லை என்பதற்காகவே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். சலம் போகச் செய்யும் குளிசை எடுப்பவர்கள் அதையும் நிறுத்திவிட்டு வருவார்கள். ஆகவே தண்ணீர்ப் போத்தலை நீட்டுவதைவிட, எங்கே சுத்தமான மலசலகூடம் இருக்கிறது, அதில் கொமட் இருக்கிறதா என்று தெரிந்து வைத்திருந்து, வாசல்வரை கூட்டிப்போய்த் திரும்பிக் கூட்டிவருவது பெரிய காரியம். முழங்கால் மடியாதவர்களுக்குக் குந்தியிருப்பது ஏலாது. ஆண்கள் அம்மாக்களிடம் இதை நேரே கேட்காமல் பக்கத்திலுள்ள ஒரு பெண்ணைக் கேட்கச் சொல்வது நல்லது. தண்ணீர் கொடுக்கும்போது மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கும் இதய நோயாளருக்கும் டொக்டர் தண்ணீரை அளந்து சொல்லியிருப்பார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் "சீனி போடவோ?" என்று கேட்டு வாங்குங்கள். பனங்கட்டி என்றாலும் சீனியைப் போலவே இரத்தத்தில் ஏறும்.

உடல் கொதித்து, பேச்சு மாறி, ஆள் குழம்பினால் அது வெறும் களைப்பல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பை நனைத்து, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வைத்து, விசிறிக்கொண்டே 1990 ஐ அழையுங்கள். குளிரச் செய்வதை அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

1990 இலவச அம்புலன்ஸ் சேவை. இடத்தைச் சரியாகச் சொல்வதில்தான் நேரம் போகிறது. ஏ9 இல் என்றால் பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய மைல்கல் பெயர்களும் உதவும், 155ம் கட்டை என்றால் கிளிநொச்சி ஆட்களுக்குத் தெரியும். உள்வீதி என்றால் கோயில், பாடசாலை, குளக்கட்டு என்று அடையாளம் சொல்லி, சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க ஏலாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்பதைக் குறித்துக்கொடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது, அந்த ஒரு தகவலில் சிகிச்சை தங்கியிருக்கிறது. அஸ்பிரின் கொடுக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

விழுந்தவரைக் கண்டால் எல்லாரும் செய்வது ஓடிப்போய்த் தூக்குவது. அதைத் தடுப்பதே உங்கள் முதல் உதவி. கிடக்கட்டும். பக்கத்தில் குந்தி, எங்கே நோகிறது என்று கேளுங்கள், குடை பிடியுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்து, கவட்டில் நோகிறதென்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்கும். அவரை மடக்கி ஓட்டோவுக்குள் ஏற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. முறிந்த எலும்பு நகர்ந்து, உள்ளே இரத்தம் போகும். படுத்தபடியே அம்புலன்ஸில் போக வேண்டும். சத்திரசிகிச்சை வரலாம் என்பதால் சாப்பாடும் குடிப்பும் கொடுக்காதீர்கள். வீதியின் நடுவில் கிடந்தால் மட்டும், பாயிலோ சாக்கிலோ வைத்துத் தலைப்பக்கமாக நேரே இழுத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தலை அடிபட்டிருந்தால் இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள், வார்பரின் என்றால் கொப்பியில் இருக்கும். அப்படியென்றால் வீக்கமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளைக்குள் கசியும் இரத்தம் மணித்தியாலங்கள் கழித்தும், சில வேளை நாட்கள் கழித்தும்தான் தன்னைக் காட்டும்.

எங்கும் முறிவில்லை, எழும்பலாம் என்று அவரே சொன்னால் இரண்டு கதிரை எடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, கைகளும் முழங்கால்களும் நிலத்தில் படும்படி வரட்டும். முன்னால் ஒரு கதிரையை வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அதில் இரண்டு கையையும் ஊன்றி, பலமான காலின் பாதத்தை நிலத்தில் பதித்து, தள்ளி எழும்பட்டும். எழும்பும்போது மற்றக் கதிரையைப் பின்னால் நகர்த்தினால் அதில் அப்படியே இருந்துவிடுவார். எழும்புவது அவருடைய பலத்தால், நீங்கள் கதிரைகளைத்தான் பார்க்கிறீர்கள். ஐந்து நிமிடமாவது இருந்த பிறகு நடக்க விடுங்கள்.

தபாற்கந்தோரிலும் வங்கியிலும் படிவம் நிரப்பித் தரக் கேட்டால், அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பது இங்கே சாதாரணம், நீங்களாகத் திருத்தினால் விண்ணப்பம் திரும்பி வரும். எழுதி முடித்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள். காசை அவருடைய கண்ணுக்கு முன்னால், கவுண்டருக்குப் பக்கத்திலேயே, ஐயாயிரம், ஆயிரம், ஐந்நூறு என்று பிரித்து அவருடைய கைக்குள் எண்ணிக் கொடுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைச் சொல்லி எடுத்துத் தரச் சொன்னால் மறுத்து, வங்கி உத்தியோகத்தரிடம் கூட்டிப்போங்கள். உங்களில் நம்பிக்கை வைத்தவர் நாளைக்கு இன்னொருவனிடமும் அதே மாதிரிச் சொல்வார். 60 வயது தாண்டியவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை கிடைக்கும், அது இல்லாதவர்களிடம் சொல்லிவையுங்கள். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் காட்டினால், 1919 அரச தகவல் நிலையத்தில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

படம் எடுக்காதீர்கள். சாப்பாட்டுப் பொதி கொடுக்கும்போதும், வீதி கடத்தும்போதும், வீட்டில் கொண்டுபோய் விடும்போதும் எடுக்காதீர்கள். அழும் முகத்தைக் கிட்டவாகக் காட்டி யூடியூப்பில் போடுவது வடக்கில் பெருகியிருக்கிறது. அதில் காசு சேர்ந்து சிலருக்கு வீடும் கிடைத்திருக்கலாம். ஆனால் காணி வைத்து, நெல் விளைவித்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட மனிதர்கள் இவர்களில் எத்தனையோ பேர். கையேந்துபவராகத் தன் முகம் உலகமெல்லாம் போவதை விரும்புகிறாரா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், பொதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவருக்கு அவர் இல்லை என்று சொல்லமாட்டார்.

கடைசியாக, வழி தெரியாமல் நிற்பவர்கள். மறதி நோய் உள்ளவர்கள் பின்னேரம் கருகும் நேரத்தில் "வீட்டை போறன்" என்று வெளிக்கிடுவார்கள். அவர்கள் தேடுவது இப்போது இருக்கும் வீட்டையல்ல, இடம்பெயர முன்னர் இருந்த பழைய வீட்டையாக இருக்கலாம். "அது இப்ப இல்லை அம்மா" என்று மறுத்தால் பயந்து இன்னும் வேகமாக நடப்பார்கள். "போவம், முதல் இதிலை கொஞ்சம் இருந்து தேத்தண்ணி குடிப்பம்" என்று சொல்லி இருத்துங்கள். காலில் செருப்பு இருக்கிறதா, காயம் இருக்கிறதா என்று பாருங்கள். அருகிலுள்ள கடைக்காரரிடமும் ஓட்டோ தரிப்பிடத்திலும் கேட்டால் பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும். பையில் கிளினிக் கொப்பி இருந்தால் விலாசம் அதிலிருக்கும், அவருக்கு முன்னால் சொல்லிவிட்டு எடுத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள், ஆள் வரும்வரை கூட இருங்கள். வீட்டார் வந்ததும் ஏசத் தொடங்குவார்கள், பயத்தில் வரும் ஏச்சு அது. அவர் சட்டைப் பைக்குள் பெயரும் போன் இலக்கமும் எழுதிய துண்டு ஒன்றைத் தைத்துவிடச் சொல்லுங்கள். தனியே இருப்பவர் என்றால், அல்லது வீட்டில் கவனிப்பே இல்லையென்று தெரிந்தால், பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் ஊர்ப் பெயரையும் கண்ட நாளையும் சொல்லுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தங்களைத் தாங்களே பராமரிக்க ஏலாத பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை. அதை விசாரிக்கும் பராமரிப்புச் சபைக்கு விடயத்தைக் கொண்டுபோக அந்த உத்தியோகத்தர் வழிகாட்டுவார்.